சந்தா சாகிப் தலை தப்பியிருந்தால்?

முள்ளோடை பயணி | ஞாயிறு, இரவு 9.10

அரியாங்குப்பத்தில் ஏறி மஞ்சக்குப்பத்தில் இறங்குகிறவன் நான். பதினொரு வருஷமாக இதே ரோடு, கிடைத்தால் இதே சன்னலோரம். தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில் என்று வரிசையாக வந்து, முள்ளோடையில் கடைசிச் சாராயக் கடையோடு புதுச்சேரி முடிந்துவிடும். காலை எட்டு மணிக்கே அந்தக் கடை வாசலில் தமிழ்நாட்டு நம்பர் பைக் நாலு நிற்கும். அப்புறம் செக்போஸ்ட், பெண்ணையாற்றுப் பாலம், கடலூர்.

போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பையன் கேட்டான். "அண்ணே, இந்த எல்லையை யார் போட்டது? எலி கடித்த பாய் மாதிரி இருக்கே?" எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததில் வந்ததுதான் இந்த இழை.

1749 ஆகஸ்ட் 3. ஆம்பூரில், ஆற்காட்டு நவாப் பதவிக்குப் போட்டியிட்ட சந்தா சாகிப், தக்காணத்துச் சுபேதார் பதவிக்குப் போட்டியிட்ட முசாபர் ஜங், பிரெஞ்சுப் படை மூன்றும் சேர்ந்து ஆற்காட்டு நவாப் அன்வருதீனைத் தீர்த்துவிட்டன. அவர் மகன் முகமது அலி, உயிர் பிழைத்தால் போதும் என்று திருச்சிக்கு ஓடிவிட்டார். ஆற்காடு சந்தா சாகிப் கையில். ஆனால் மூன்றே வருஷத்தில், 1752 ஜூனில், திருச்சி வாசலில் சந்தா சாகிப்பின் தலை போய்விட்டது.

ஆம்பூரில் ஜெயித்த கையோடு திருச்சிக்குப் போய் முகமது அலியை முடித்திருந்தால்? பிரெஞ்சுக்காரன் முட்டுக்கொடுத்த நவாப் வம்சம் ஆற்காட்டில் நிலைத்திருந்தால்? என் கணக்குப்படி தெற்குக்கே புதுச்சேரிதான் தலைநகரம். இங்கிலீஷ்காரனுக்குச் சென்னப்பட்டினமும் கடலூரில் இருக்கிற தேவனாம்பட்டினமும் மிஞ்சியிருக்கும். இன்றைக்குக் கடலூர்தான் குட்டி யூனியன் பிரதேசம். புதுச்சேரிக்காரன் பாலம் தாண்டிக் கடலூரில் சரக்கு வாங்கி, பெட்ரோல் டேங்குக்கு மேல் பையை வைத்து மறைத்துக்கொண்டு வந்திருப்பான்.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பத்தான் | இரவு 9.24

அத்தைக்கு மீசை முளைத்தால் சித்தப்பா.

முள்ளோடை பயணி | இரவு 9.26

சரி. அந்தச் சித்தப்பா என்ன வேலைக்குப் போயிருப்பார் என்றுதான் கேட்கிறேன்.

குண்டுச்சாலை வாத்தியார் | இரவு 10.05

தம்பி, "ஜெயித்த கையோடு திருச்சிக்குப் போயிருந்தால்" என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். ஏன் போகவில்லை என்பதில்தான் மொத்தக் கதையும் இருக்கிறது.

ஆம்பூருக்கு அப்புறம் சந்தா சாகிப்பும் முசாபர் ஜங்கும் ஆற்காட்டில் தர்பார் நடத்திவிட்டுப் புதுச்சேரிக்கு வந்தார்கள். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் கொடுத்த வரவேற்பு தடபுடல். நன்றிக்கடனாக வில்லியனூர்ப் பக்கத்து ஊர்கள் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. துய்ப்ளேக்ஸ் திருச்சி, திருச்சி என்று அடித்துக்கொண்டார். கிளம்பின படை தஞ்சாவூருக்குப் போனது. காரணம் காசு. சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். தஞ்சை மராட்டிய ராஜா பிரதாப சிம்மரிடம் பழைய கப்பப் பாக்கி என்று சொல்லிக் கறந்துவிடலாம் என்று ஒரு கணக்கு.

பிரதாப சிம்மர் லேசுப்பட்ட ஆளா? 1749 டிசம்பர் கடைசியில் 70 லட்சம் ரூபாய் தருகிறேன் என்று ஒத்துக்கொண்டார். அப்புறம் அவர் கொடுத்த அழகைப் பாருங்கள். ஒரு நாள் பாத்திரமாக வரும். அதை எடை போட்டு மதிப்புக் கட்ட வேண்டும். இன்னொரு நாள் புழக்கத்தில் இல்லாத பழைய நாணயம் மூட்டையாக வரும். அதற்கு வட்டம் கழித்து எண்ண வேண்டும். அப்புறம் நகை. ஒவ்வொரு கல்லுக்கும் பேரம். ஒரு நவாப், தக்காணத்துக்கே சுபேதார் என்று சொல்லிக்கொண்ட ஒருவர், பிரெஞ்சுத் தளபதிகள் எல்லாரும் தஞ்சாவூர்க் கோட்டை வாசலில் அடகுக்கடைக்காரன் மாதிரி தராசோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்குள் வடக்கிலிருந்து, அதே சுபேதார் பட்டத்தில் முசாபர் ஜங்குக்குப் போட்டியான நாசிர் ஜங் பெரும்படையோடு வந்துவிட்டார். செய்தி கேட்டதும் மூட்டை கட்டிக்கொண்டு புதுச்சேரியைப் பார்த்து ஓட்டம்.

ஆக, சந்தா சாகிப் நேரே திருச்சிக்குப் போக வேண்டுமானால் முதலில் அவர் பையில் பணம் இருந்திருக்க வேண்டும். பணம் இருந்திருந்தால் பிரெஞ்சுக்காரன் எதற்கு?

சொல்தா பேரன் | இரவு 10.31

வாத்தியார் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நாசிர் ஜங் வந்ததோடு ஆட்டம் முடியவில்லையே ஐயா. 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார். இன்றைக்கும் அந்த மலையைப் பார்த்தால் எப்படி ஏறினான் என்று மலைப்பாக இருக்கிறது. டிசம்பரில் நாசிர் ஜங்கை அவரோடு கூட இருந்த நவாப்களே சுட்டுத் தள்ளினார்கள். முசாபர் ஜங்குக்குப் புதுச்சேரியில் பட்டாபிஷேகம் மாதிரி கொண்டாட்டம். அவரும் ஐதராபாத் போகிற வழியில் 1751 பிப்ரவரியில் கொல்லப்பட்டார். புஸ்ஸி அசரவில்லை. அங்கேயே சலாபத் ஜங்கை உட்காரவைத்தார். சலாபத் ஜங் பத்து வருஷத்துக்கு மேல் ஐதராபாத்தை ஆண்டார்.

வெளியாள் முட்டுக்கொடுத்த ராஜா நிலைப்பார் என்பதற்கு இது போதாதா? திருச்சியிலும் ஒரு புஸ்ஸி இருந்திருந்தால் கதை வேறு. நமக்கு வாய்த்தது லா என்ற பிரெஞ்சுத் தளபதி. ஸ்ரீரங்கம் தீவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, வெளியே வர வழி தெரியாமல் சரணடைந்த மகாராசன். இவருடைய பெரியப்பாதான் பாரிஸில் காகிதப் பணம் அச்சடித்து 1720ல் பிரான்ஸையே போண்டியாக்கினவர். குடும்ப ராசி! இவருடைய அண்ணன் பேரில் நம் ஊரில் ஒரு தெருவே இருக்கிறது. பாவம், அண்ணன் நல்லவர். 1761ல் இங்கிலீஷ்காரன் தரைமட்டமாக்கின புதுச்சேரியை 1765ல் வந்து திரும்பக் கட்டினவர்.

பாகூர்க்காரி | இரவு 11.02

//சலாபத் ஜங் பத்து வருஷத்துக்கு மேல் ஐதராபாத்தை ஆண்டார்//

ஆண்டார் அண்ணே. எப்படி ஆண்டார் என்று பார்க்கணும். நான் கடன் பிரிவில் வேலை பார்க்கிறவள். எந்தச் சரித்திரம் படித்தாலும் சம்பளம் யார் கொடுத்தது என்றுதான் என் கண் முதலில் போகும்.

புஸ்ஸியின் படைக்குச் சம்பளம் சலாபத் ஜங் தர வேண்டும். பாக்கி விழுந்தது. 1753ல் அதற்கு ஈடாக வடசர்க்கார் என்ற இன்றைய ஆந்திரப் பக்கத்து ஜில்லாக்களின் வசூலைப் பிரெஞ்சுக்காரருக்கு எழுதிக் கொடுத்தார். கடற்கரையோரம் நல்ல விளைச்சல் நிலம் அத்தனையும். 1758ல் பிரெஞ்சுத் தலைமைத் தளபதி லல்லி புஸ்ஸியைத் தெற்கே கூப்பிட்டுக்கொண்டார். மறு வருஷமே சலாபத் ஜங் இங்கிலீஷ்காரனோடு உடன்படிக்கை. அதற்கப்புறம் தம்பி நிஜாம் அலி அவரைப் பிடித்து உள்ளே தள்ளினார். 1763 பிப்ரவரியில் பாரிஸ் உடன்படிக்கையில் சலாபத் ஜங்தான் தக்காணத்துக்கு முறையான சுபேதார் என்று இங்கிலாந்தும் பிரான்சும் கையெழுத்துப் போடுகின்றன. மனிதர் அப்போது பீதர் கோட்டையில் கைதி! அந்த வருஷமே செத்தும் போனார்.

அதே உடன்படிக்கையில் அதே இடத்தில்தான் முகமது அலியை முறையான கர்நாடக நவாப் என்று ஏற்றுக்கொண்டார்கள். முள்ளோடை தம்பி, நீங்கள் தேடுகிற ஆள் இவர்தான். வெளிநாட்டுக் கம்பெனி தூக்கிவிட்டுத் தலை தப்பிய நவாப் வம்சம் கற்பனை இல்லை, நடந்திருக்கிறது. கம்பெனியும் ஆளும்தான் வேறு. சந்தா சாகிப் பிழைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரிய வேண்டுமானால் முகமது அலி பிழைத்து என்ன ஆனார் என்று பாருங்கள்.

திருச்சியைக் காப்பாற்றிக் கொடுத்த செலவு அத்தனையும் நவாப் கணக்கில் ஏறியது. 1763ல் செங்கல்பட்டுச் சீமையை வரி வசூல் அனுபவிக்கிற ஜாகீராகக் கம்பெனிக்குக் கொடுத்தார். ஆற்காட்டை விட்டுவிட்டுச் சேப்பாக்கத்தில் அரண்மனை கட்டிக்கொண்டு, கோட்டைத் துரைமார்களுக்குக் கூப்பிடு தூரத்தில் குடிவந்தார். கம்பெனிக்குக் கட்ட வேண்டியதைக் கட்ட, அதே கம்பெனி உத்தியோகஸ்தர்களிடம் தனியாகக் கைமாற்று வாங்கினார். ஆரம்பத்தில் வட்டி நூற்றுக்கு 36 வரை. அதற்கு ஈடு, ஜில்லா ஜில்லாவாக நிலவரி வசூல். கவனியுங்கள்: கடன் கொடுத்தவன் பகலில் கம்பெனி குமாஸ்தா, சாயங்காலம் நவாபுக்கு வட்டிக்காரன். எங்கள் பிரிவில் யாராவது இப்படிச் செய்தால் மறுநாளே சஸ்பெண்ட்.

1785ல் எட்மண்ட் பர்க் லண்டன் பார்லிமெண்டில் இந்தக் கடனைப் பற்றியே மணிக்கணக்கில் பேசினார். 1801ல் நாட்டைக் கம்பெனி மொத்தமாக எடுத்துக்கொண்டது. அப்புறம் ஒரு கமிஷன் உட்கார்ந்து கடன்காரர்களைக் கூப்பிட்டுக் கணக்குப் பார்த்தது. வந்து நின்ற கேட்பு 3 கோடி பவுனுக்கு மேல். செல்லும் என்று ஒத்துக்கொண்டது சுமார் 27 லட்சம் பவுன். மிச்சம் எல்லாம் என்ன கடன், யார் வாங்கினது? கடவுளுக்கே வெளிச்சம்.

தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்பார்கள். முகமது அலிக்குத் தம்பிரானாக வந்தவன் வட்டிக்காரன்.

நெல்லிக்குப்பத்தான் | இரவு 11.08

அக்கா, சித்தப்பா மீசையை அடகு வைத்துவிட்டார் என்கிறீர்கள்.

முள்ளோடை பயணி | திங்கள், காலை 7.50

பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் மன்னிக்கவும்.

அக்கா சொன்னது உறைக்கிறது. ஆனால் இங்கிலீஷ்காரனையும் பிரெஞ்சுக்காரனையும் ஒரே தராசில் வைக்கலாமா? துய்ப்ளேக்ஸ் இந்த ஊர் மரியாதையை மதித்தவர். நவாப் உடை போட்டுக்கொண்டு தர்பாரில் உட்கார்ந்தவர். தன் சொந்தப் பணத்தைப் போட்டு யுத்தம் நடத்தினவர். 36 வட்டிக்கு விட்டவர் இல்லை. பக்கத்திலேயே ஆனந்தரங்கப் பிள்ளை மாதிரி ஒரு தமிழர் துபாஷாக, மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்தார். அந்த ஆட்சி வேறு மாதிரி போயிருக்காதா?

குண்டுச்சாலை வாத்தியார் | காலை 10.40

பிள்ளையவர்களை நீங்களே இழுத்துவிட்டீர்கள், நல்லது.

1736ல் தொடங்கி 1761 வரை அவர் எழுதிய நாட்குறிப்பைக் கொஞ்சம் பொறுமையாகப் புரட்டிப் பாருங்கள். யார் வந்தார், எத்தனை குண்டு போட்டு மரியாதை செய்தார்கள், என்ன நசர் காணிக்கை வைத்தார்கள், எத்தனை கெஜம் சகலாத்துக் கம்பளித் துணி கொடுத்தார்கள், வெற்றிலை பாக்கும் பன்னீரும் யார் கையால் போயிற்று என்று வியாபாரிக் கண்ணோடு எழுதிக்கொண்டே போவார். படிக்கப் படிக்க ஒன்று புரியும். அந்த மரியாதை ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருந்தது. அதை எதிலாவது பற்று எழுதினார்கள். மதாம் துய்ப்ளேக்ஸ் நிர்வாகத்தில் மூக்கை நுழைப்பதைப் பற்றி அவர் புலம்பாத மாதம் குறைவு. 1748ல் இங்கிலீஷ்காரன் புதுச்சேரியை முற்றுகையிட்ட சமயத்தில் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்ததும் இந்த மரியாதை மதித்த துய்ப்ளேக்ஸ் காலத்தில்தான். ஊர் ஜனம் கும்பலாகப் போய் நின்றும் நடக்கவில்லை. பக்கத்திலேயே இருந்த பிள்ளையாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சொந்தப் பணத்தைப் போட்டார் என்பது உண்மை. அதுதான் சிக்கலும். 1754ல் பிரான்சில் இருந்து கொதே என்பவர் கப்பலில் வந்து இறங்கி துய்ப்ளேக்ஸைத் திருப்பி அனுப்பினார். பிரெஞ்சுக் கம்பெனி எனக்கு இவ்வளவு தர வேண்டும் என்று வழக்காடியே துய்ப்ளேக்ஸ் 1763ல் வறுமையில் செத்தார். சந்தா சாகிப் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் பாக்கியை யாரிடம் கேட்டிருப்பார்? பாரிஸில் கேட்டிருக்க மாட்டார், ஆற்காட்டில் கேட்டிருப்பார். துய்ப்ளேக்ஸ் கேட்காவிட்டால் அவருக்கு அடுத்து வந்தவர் கேட்டிருப்பார்.

நவாபுக்கு அது எங்கிருந்து வரும்? பாளையக்காரர்களிடம் இருந்து. நிஜத்தில் முகமது அலி பெயரில்தான் 1755ல் திருநெல்வேலிச் சீமைக்குள் படை போனது. பூலித்தேவர் எதிர்த்து நின்றது அந்த வசூலை. 1792ல் பாளையக்காரர்களிடம் வசூலிக்கிற உரிமையையே கம்பெனி எடுத்துக்கொண்டது. ஏழு வருஷம் கழித்துக் கயத்தாற்றில் கட்டபொம்மனுக்குக் கயிறு. நவாப் கடன் என்று சென்னையில் எழுதின எழுத்து, பாஞ்சாலங்குறிச்சியில் போய் முடிந்தது. பிரெஞ்சு நவாபாக இருந்தால் அந்தக் கயிறு வேறு கையில் இருந்திருக்கும்.

சொல்தா பேரன் | பகல் 1.15

ஐயா, ஒரு கதை சொல்கிறேன். இந்த இழைக்குப் பொருந்துமா என்று நீங்களே பாருங்கள்.

எங்கள் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவச் சிப்பாய். சைகோனில் இருந்து திரும்பி வந்தவர். அவருடைய தகரப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டுப் பரணில் இருக்கிறது. அதற்குள் மெடல் ஒன்று, பிரெஞ்சில் எழுதின சம்பளப் புத்தகம், கற்பூர வாசனை, மடித்த மடிப்பிலேயே கிழிந்துபோன ஒரு பியாஸ்தர் நோட்டு, அந்த நாட்டுப் பழைய பணம். அந்த நோட்டில் ஒரு ஆள் படம். சின்ன வயதில் நான் அது யாரோ சினிமாக்காரர் என்று நினைத்திருந்தேன். பாவோ தாய், வியட்நாம் மன்னர்.

1945ல் முடியைத் துறந்தவர். 1949 மார்ச்சில் பிரெஞ்சுக்காரர் உடன்படிக்கை போட்டு அவரைக் கூட்டிவந்து நாட்டுத் தலைவர் என்று உட்காரவைத்தார்கள். யுத்தத்தை நடத்தினது பிரெஞ்சு ராணுவம். எங்கள் தாத்தா மாதிரி புதுச்சேரி, காரைக்கால் ஆட்களும் அதில் இருந்தார்கள். மன்னர் பாதி நாள் பிரான்சில். 1954 மே மாதம் தியென் பியென் பூ விழுந்தது. 1955 அக்டோபரில், அவரே நியமித்த பிரதமர் தியெம் ஒரு வாக்கெடுப்பு வைத்தார். மன்னருக்கு எதிராக நூற்றுக்கு 98. சைகோனில் பதிவான ஓட்டு, பட்டியலில் இருந்த வாக்காளரைவிட அதிகம். இந்தத் தடவை முட்டுக்கொடுத்தவன் அமெரிக்காக்காரன், அவன் தியெமுக்குக் கொடுத்தான். பாவோ தாய் 1997 வரை பிரான்சில் உயிரோடு இருந்தார். தலை தப்பினது, சரி. வேறென்ன?

தாத்தா ஒன்று சொல்வார்: "அந்த ராசா சோல்ஜருக்குச் சம்பளம் கொடுக்கலை. அதனால சோல்ஜர் அவர் முகத்தைப் பார்க்கலை." நோட்டில் மட்டும்தான் பார்த்தார்களாம்.

தியெம் வைத்த வாக்கெடுப்புக்கு ஒரு வருஷம் முன்னால், 1954 அக்டோபர் 18ல், கீழூரில் நம் ஆட்கள் 178 பேர் ஓட்டுப் போட்டார்கள். 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். அந்தக் கீழூர் இருப்பதும் வில்லியனூர்ப் பக்கம்தான்.

அடையாறு தாண்டி | பகல் 2.02

கடைசியில் பென்ஷன் பெருமைதான். பிரெஞ்சுக்காரனுக்காக வியட்நாம்காரனைச் சுட்டுவிட்டு வந்தவர்களுக்கு இன்னும் பாரிஸில் இருந்து காசு. இவர்களுக்குச் சந்தா சாகிப் ஜெயித்திருந்தால் இனிக்கத்தானே செய்யும்.

மட்டுறுத்துநர் | பகல் 2.20

அடையாறு தாண்டி, அடுத்தவர் வீட்டுத் தாத்தாவை இழுக்க வேண்டாம். இழைக்கு வாருங்கள், இல்லை என்றால் பதிவு நீக்கப்படும்.

சொல்தா பேரன் | பகல் 2.41

விடுங்கள். தாத்தாவே அதைச் சொல்லித்தான் ராத்திரியில் முழித்திருப்பார்.

பாகூர்க்காரி | மாலை 6.30

பேரன் அண்ணன் தாத்தா என் வாயில் இருந்ததைப் பிடுங்கிச் சொல்லிவிட்டார். நானும் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், இது மெக்சிகோ.

1864ல் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன், ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியனை மெக்சிகோ சக்கரவர்த்தியாக அனுப்பினார். கிளம்புவதற்கு முன்னாலேயே மீராமார் அரண்மனையில் எழுதி வாங்கிவிட்டார்கள். அது வரைக்கும் ஆன படைச்செலவு 27 கோடி பிராங்கு, மன்னர் பொறுப்பு. அதற்கு மேல் ஒவ்வொரு பிரெஞ்சுச் சிப்பாய்க்கும் வருஷத்துக்கு 1000 பிராங்கு, அதுவும் மன்னர் பொறுப்பு. நாட்டை இன்னும் கண்ணால் பார்க்கவில்லை, அதற்குள் நாடு அடகில். 1867ல் பிரெஞ்சுப் படை கப்பலேறியது. ஜூன் 19ல் கெரேதாரோவில் சக்கரவர்த்தியைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள்.

சுடாமல் விட்டிருந்தால்? 27 கோடி அப்படியே நிற்கும். வட்டி ஓடும். எந்தத் தவணையில் சுங்கச்சாவடி போகும், எந்தத் தவணையில் சுரங்கம் போகும் என்பது மட்டும்தான் கேள்வி. தஞ்சாவூர் ராஜா செய்த மாதிரி ஓட்டைப் பாத்திரத்தைக் கொடுத்து இழுத்தடிக்கிற சாமர்த்தியம் இருந்தால் இன்னும் கொஞ்ச நாள். எனக்கு இந்த மொத்தக் கதையிலும் பிடித்த ஆள் பிரதாப சிம்மர்தான்.

முள்ளோடை பயணி | இரவு 8.55

சரி, தோற்றேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றுமே மாறியிருக்காது என்றும் ஒத்துக்கொள்ள மாட்டேன். மொழி மாறியிருக்கும். வேலூரில் கோர்ட்டு பிரெஞ்சில் நடந்திருக்கும். அது சின்ன விஷயமா?

குண்டுச்சாலை வாத்தியார் | இரவு 9.48

மாறியிருக்கும் தம்பி, யார் இல்லை என்றது? ஆனால் நீங்கள் தேடுகிற இடத்தில் இல்லை. மேலே நவாப் எந்தக் கொடிக்குக் கீழே இருந்தார் என்பதைவிட, திருச்சி முற்றுகை என்ற ஒன்றே நடக்காமல் போயிருந்தால் கீழே யார் யார் தலையெடுக்காமல் போயிருப்பார்கள் என்று பாருங்கள்.

திருச்சியைக் காப்பாற்ற முகமது அலி மைசூரின் நஞ்சராஜரைக் கூப்பிட்டார். வந்தால் திருச்சியையே தருகிறேன் என்று வாக்கு. காரியம் முடிந்ததும் கைவிரித்தார். நஞ்சராஜர் கட்சி மாறி, வருஷக்கணக்கில் ஸ்ரீரங்கத்தைச் சுற்றியே உட்கார்ந்து மைசூர் கஜானாவைக் கரைத்தார். அந்தப் படையில் இருந்த ஒரு அதிகாரிதான் ஹைதர் அலி. ஐரோப்பியப் பீரங்கி எப்படிப் பேசும், துப்பாக்கி வரிசை எப்படி நிற்கும் என்று அவர் பக்கத்தில் இருந்து பார்த்த பள்ளிக்கூடங்களில் அது ஒன்று. 1755ல் திண்டுக்கல்லுக்குப் பௌஜ்தார், அதாவது படை அதிகாரி. அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும்.

அதே யுத்தத்தில் இங்கிலீஷ்காரன் பக்கம் ஒரு சிப்பாய் மேலே வந்தார். ராமநாதபுரத்துப் பனையூர்க்காரர். யூசுப் கான், மருதநாயகம். சாப்பாட்டு வண்டிகளை எதிரி கண்ணில் படாமல் திருச்சிக்குள் கொண்டுபோய்ச் சேர்த்த ஆள். 1764ல் மதுரையில் அவரைத் தூக்கில் போட்டதும் அதே நவாப் முகமது அலிதான்.

இன்னும் ஒருவர் இருக்கிறார், எங்கள் ஊர்க்காரர் என்றே சொல்லலாம். 1746ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தபோது தப்பித்துத் தேவனாம்பட்டினத்துக்கு வந்து சேர்ந்த கம்பெனி குமாஸ்தா. 1751ல் ஆற்காட்டைப் பிடித்தால் சந்தா சாகிப் திருச்சியில் இருந்து படையைப் பிரித்து அனுப்புவார் என்று யோசனை சொல்லி, 200 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களுமாகப் போய் உட்கார்ந்தவர். ராபர்ட் கிளைவ். அந்த உத்தரவு பிறந்ததும் சென்னையில் இல்லை. அப்போது கம்பெனியின் தலைமை இடம் இங்கே தேவனாம்பட்டினக் கோட்டை. திருச்சி 1749லேயே விழுந்திருந்தால் கிளைவ் கடலூரில் ஜவுளிக் கணக்கு எழுதிக்கொண்டே குடித்துச் செத்திருக்கலாம். வங்காளம் என்ன ஆகியிருக்கும்? அங்கே வேறு யாராவது போயிருப்பார்களா? இதற்கு மேல் நான் போக மாட்டேன். இது மீசை முளைத்த அத்தைக்குத் தாடியும் ஒட்டுகிற வேலை.

இப்போது அந்தக் கோட்டையில் பார்க்க ஒன்றும் இல்லை. 1758ல் லல்லி பிடித்து இடித்துப் போட்டுவிட்டார். கெடிலம் கடலில் சேருகிற பக்கம் மேடும் கொஞ்சம் செங்கலும் இருக்கும். சில்வர் பீச்சுக்கு வருகிறவர்களில் நூற்றில் ஒருவர்கூட அந்தப் பக்கம் திரும்புவதில்லை. நானே பேரனைக் கூட்டிப்போனால், "தாத்தா, பஜ்ஜிக் கடை இந்தப் பக்கம்" என்று கையைப் பிடித்து இழுக்கிறான்.

நெல்லிக்குப்பத்தான் | இரவு 9.55

பேரன் விவரமான பையன்.

பாகூர்க்காரி | இரவு 10.20

அந்தக் காலேஜ் பையன் கேள்விக்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், எங்கள் ஊர் சமாச்சாரம்.

கடலூர்ப் பக்கத்து எல்லை வேடிக்கையானது. 1690ல் மராட்டியரிடம் இங்கிலீஷ்காரர் தேவனாம்பட்டினக் கோட்டையை வாங்கினபோது, பீரங்கிக் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும் உள்ள ஊர்கள் எங்களுக்கு என்று பேச்சு. எல்லாத் திசையிலும் சுட்டுப் பார்த்தார்கள். விழுந்த ஊர்கள் குண்டு கிராமங்கள். குண்டு உப்பலவாடி என்று இன்றைக்கும் பெயரிலேயே குண்டு இருக்கிறது. வாத்தியார் ஐயா இங்கே வைத்திருக்கிற பெயரும் அந்த வகைதானே?

புதுச்சேரிப் பக்கம் நவாப் தானம். 1763ல் பிரெஞ்சுக்காரருக்கு ஊரைத் திருப்பிக் கொடுத்தபோது, 1749 தொடக்கத்தில் என்ன வைத்திருந்தாயோ அதை மட்டும் எடுத்துக்கொள் என்றார்கள். அதாவது ஆம்பூருக்கு முந்தைய கணக்கு. சந்தா சாகிப் காலத்தில் வந்தது எல்லாம் போச்சு. 1783ல் கடலூரில் புஸ்ஸியும் இங்கிலீஷ்காரரும் கடைசியாக மோதிக்கொண்ட அதே வருஷம், ஐரோப்பாவில் போட்ட உடன்படிக்கையில் வில்லியனூரும் பாகூரும் திரும்ப வந்தன. நடுநடுவே வராத ஊர்கள் வராமலே நின்றன. எலி கடித்த மாதிரி தெரிகிறதே, அது இதுதான் தம்பி. செத்துப்போன ஒரு நவாப்புக்காகப் போட்ட சண்டையில் மிச்சமான துண்டு. அதன் ஓரத்தில் இப்போது சாராயக் கடை.

முள்ளோடை பயணி | இரவு 10.34

அக்கா, நாளைக்கு அந்தப் பையன் பஸ்ஸில் வந்தால் இதை அப்படியே சொல்லிவிடுகிறேன். பாலம் வருவதற்குள் முடிக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

மருந்துப் பை | செவ்வாய், காலை 6.15

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நான் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, மாதம் இரண்டு தடவை திருச்சி. ஒரு வெள்ளிக்கிழமை டாக்டர் வர நேரமாகும் என்றார்கள் என்று நத்தர்வலி தர்காவுக்குப் போயிருந்தேன். உள்ளே நல்ல குளிர்ச்சி. ஒரு அம்மா குழந்தையை மடியில் போட்டு மயிலிறகால் தடவிக்கொண்டிருந்தார். நான் சும்மா சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே இருந்த பெரியவர் ஒருவர் கை காட்டி, அது சந்தா சாகிப் என்றார். தலையை வெட்டி ஊரைச் சுற்றிக் காட்டினார்கள் என்று அவரும் ஒரு கதை சொன்னார். சரி என்று கேட்டுக்கொண்டேன்.

வெளியே வரும்போது இன்னொரு கல்லறையையும் காட்டினார். முகமது அலி. 1795ல் சென்னையில் செத்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்திருக்கிறார்கள். இரண்டு பேரும் ஒரே வளாகத்தில்.

யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். "வெள்ளிக்கிழமை பூப்போடுகிறவர்கள் எல்லாருக்கும்தான் போடுவார்கள், நவாப் என்று பார்த்துப் போடுவதில்லை" என்றார். செருப்புக்கு ரெண்டு ரூபாய் கொடுத்துவிட்டு டாக்டரைப் பார்க்கப் போனேன்.